கொட்டேஷனின் கடைசி வரி

2003 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் நுழைந்து, ‘கேம் ஆடுற மாதிரி ஒரு சிஸ்டம் வேணும்’ என்று கேட்டால், கடைக்காரர் சீட்டில் முதலில் எழுதுவது பிராசஸர்தான். பென்டியம் 4 எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதில்தான் வாங்குகிறவரின் கௌரவமே இருந்தது. அடுத்து போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ். அப்புறம் கேபினெட்; மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அதற்குள்ளேயே வந்துவிடும், தனி விலை கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு கடைசி வரி. பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான். “ஆன்போர்டுலயே ஓடும் தம்பி, கார்டு அப்புறமா போட்டுக்கலாம்.”

இன்று முதல் முறையாக ஒரு உயர்ரக கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேடுகிற பையன், அதே தெருவானாலும் சரி, ஆன்லைனானாலும் சரி, மானிட்டரிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கேற்ற கார்டு, கார்டுக்கேற்ற எஸ்.எம்.பி.எஸ்., இரண்டும் கொள்கிற கேபினெட். பிராசஸர் அதன் பிறகுதான்.

இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் திரை. பழைய சி.ஆர்.டி. மானிட்டருக்கு இத்தனை பிக்சல்தான் என்ற கட்டாயம் இல்லை. 1024×768இல் கேம் திணறினால் 800×600க்கு இறக்கிவிட்டு ஆடுவோம். படம் கொஞ்சம் தடிக்குமே தவிர மங்காது. எல்.சி.டி. வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. திரைக்கென்று ஒரு பிக்சல் கணக்கு உண்டு. அதற்குக் கீழே இறக்கினால் எழுத்தெல்லாம் குழைகிறது. 4கே திரையில் 83 லட்சம் பிக்சல், அன்றைய 1024×768ஐப் போல பத்து மடங்குக்கும் மேல். அத்தனையையும் நொடிக்கு அறுபது, நூறு முறை வரைவது கார்டின் தலையில் விழுகிறது. 2018இல் என்விடியா கொண்டுவந்த டி.எல்.எஸ்.எஸ். செய்வதும் ஒரு வகையில் பழைய வேலைதான்: குறைந்த பிக்சலில் வரைந்து, திரைக்கேற்ப நாசூக்காகப் பெருக்கிக் கொடுக்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாறுவது மட்டும் மாறவே இல்லை. 2002இல் வந்த ஜீஃபோர்ஸ்4 எம்.எக்ஸ். 440 கார்டை எத்தனை வீட்டில் வாங்கினார்கள்! பெயரில் நான்கு இருந்தது. உள்ளே இருந்ததோ பெரும்பாலும் ஜீஃபோர்ஸ்2 காலத்துச் சரக்கு. பிக்சல் ஷேடர் கிடையாது. அதனால் அடுத்த ஆண்டு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ அந்தக் கார்டில் ஓட மறுத்தது. 2022இல் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சில்லுகளை அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜி.பி. கார்டை என்விடியாவே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. இப்போதும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பெட்டியில் எட்டா, பதினாறா என்று பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

அன்று யாரும் சட்டை செய்யாத பாகம் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருக்கும். உண்மையில் அதில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் கையில் தூக்கிப் பார்ப்பார்கள், கனமாக இருந்தால் நல்லது என்று ஒரு கணக்கு. அந்தக் கால கார்டு பல நேரம் ஸ்லாட்டில் வரும் கரண்டிலேயே பிழைத்துக்கொண்டது, அதனால் இந்தக் கூத்து தாங்கியது. 2025 தொடக்கத்தில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 ஒன்றே 575 வாட் இழுக்கிறது. 1000 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறது என்விடியா. அந்தக் கார்டுக்குப் போகும் 16 பின் கேபிளைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்த பிளக்கில் 600 வாட் வரை, அதாவது 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் பாயலாம். ஒன்றரை டன் ஏ.சி.யே சுவரிலிருந்து எட்டு ஆம்பியருக்குள்தான் எடுக்கும். 2022இல் 4090 கார்டுகளில் இதே வகை பிளக் உருகிய படங்கள் வந்தபோது, முழுக்க உள்ளே தள்ளாமல் விட்டதுதான் முக்கியக் காரணம் என்றது என்விடியா. இவ்வளவு கரண்ட் போகிற இடத்தில் சின்னப் பிசகைக்கூடப் பொறுக்காத வடிவமைப்பை நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வாங்குகிறவர் அழுத்திச் சொருகி, டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2,14,000 ரூபாய் அறிமுக விலையுள்ள கார்டுக்குப் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிராசஸரில் கிகாஹெர்ட்ஸ் பேச்சு ஓய்ந்துவிட்டது. கேமுக்கென்று இன்று பலரும் கைகாட்டுகிற ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் கோர் எட்டுதான். அதன் பலம் 96 எம்.பி. எல்3 கேஷ். கேம் அடிக்கடி தேடுகிற தரவு ரேமுக்குப் போகாமல் சில்லிலேயே கிடைத்துவிடுகிறது.

பாகங்களைக் கோர்ப்பது எளிதாகிவிட்டது. ஹார்டு டிஸ்க்கில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் மாற்றுகிற வேலை இல்லை. ஆத்லான் சில்லின் மேல் பென்சிலால் கோடிழுத்து வேகம் கூட்டிய வித்தையும் போயிற்று. பதிலாக, 6000 என்று எழுதி வாங்கிய டி.டி.ஆர்.5 ரேம், பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யாத வரை பெரும்பாலும் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரேம் விலையின் ஆட்டம் மட்டும் மாறவில்லை: 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கம் வந்தபோது எகிறியது, 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குச் சரக்கு திரும்பியதால் மறுபடி எகிறியது. அந்த டிசம்பரில் ரேம் தயாரிக்கும் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கான க்ரூஷல் வியாபாரத்தையே விட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

எல்லாம் வாங்கி முடித்தவர் வீட்டில் மேஜைக்கடியில் பழைய 600 வி.ஏ. யு.பி.எஸ். இருக்கும். அது தாங்குவது ஏறக்குறைய 360 வாட். பிரௌசர் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் சமாளிக்கும்; கேம் நடுவே போனால் ஓவர்லோடு என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். இந்த அளவு சிஸ்டத்துக்கு 2 கே.வி.ஏ. பக்கம் போக வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து பிளக் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிற வீடுகள் அன்றும் இருந்தன, இன்றும் குறையவில்லை.