கவுன்சில் கூட்டத்துக்கு நாங்கள் போகலாமா?

சென்ற மாதம் எங்கள் ஆலோசனை நேரத்தில் ஒரு தம்பி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ரீச்சர், இதில கவுன்சில் எண்டு கிடக்கு. என்ரை கேஸ் பழுதாப் போச்சோ?" என்று கேட்டார். (படிப்பிப்பதை விட்டுப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் இங்கே எல்லோருக்கும் நான் ரீச்சர்தான்.)

வாசித்துப் பார்த்தேன். அவர் இருக்கும் தெருமுனையில் ஒரு பழைய பப் பூட்டிக் கிடக்கிறது. அதை வீடுகளாகப் பிரிக்க யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள். அதைப்பற்றி அயலில் உள்ளவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு அனுப்பிய கடிதம் அது. அவருக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்த கடிதம். இந்த மனிதர் நாலு நாள் நித்திரை கொள்ளவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் எங்களுக்கு அரசாங்கம் என்றால் எல்லாம் ஒன்றுதான். விதானையாரிடம் கொடுத்த குடும்ப விபரம் எந்த ஆமிக் காம்புக்குப் போகுமோ என்று பயந்து வாழ்ந்த சனம் நாங்கள். சபை, தேர்தல் என்று முன்னுக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும். 1998 ஜனவரியில் யாழ்ப்பாண மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தது. அந்த வருடம் முடிவதற்குள் மேயர் சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் வந்த மேயர் பொன். சிவபாலனும் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாநகர சபைத் தேர்தல் 2009இல்தான் வந்தது. ஆகவே "சபைப் பக்கம் போகாதே, பேரைக் குடுக்காதே" என்பது எங்கட வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தோடுதான் நாங்கள் இங்கே வந்து இறங்குகிறோம்.

இங்கிலாந்தில் முதலில் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் அகதி விண்ணப்பத்தை முடிவு செய்வது ஹோம் ஒபிஸ். அது மத்திய அரசின் திணைக்களம். கவுன்சில் என்பது ஊரவர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் உள்ளூராட்சிச் சபை. உங்கள் கேஸில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

இரண்டும் ஒருபோதும் பேசிக்கொள்ளாது என்று நான் சொல்லவில்லை. கவுன்சிலிடம் வீட்டுக்கோ சமூக சேவை உதவிக்கோ விண்ணப்பித்தால் உங்கள் குடிவரவு நிலையைச் சரிபார்ப்பார்கள். ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்கும், உடைந்த தெரு விளக்கைப்பற்றிச் சொல்வதற்கும், கூட்டத்தில் போய் இருந்து கேட்பதற்கும் விசா தேவையில்லை.

எந்தக் கவுன்சில் எதைச் செய்கிறது?

பெரிய நகரங்களில் அநேகமாக ஒரே கவுன்சில் எல்லாவற்றையும் பார்க்கும். சிறு பட்டணங்களில் உங்களுக்குத் தலை சுற்றும், ஏனென்றால் அங்கே மூன்று கவுன்சில் இருக்கலாம். பாடசாலை அனுமதி, சமூக சேவை, பெருந்தெருக்கள், நூலகம் எல்லாம் கவுண்டி கவுன்சில். குப்பை எடுப்பது, வீடற்றோர் உதவி, கட்டட அனுமதி, வாக்காளர் இடாப்பு எல்லாம் டிஸ்ரிக்ட் கவுன்சில். இவற்றுக்குக் கீழே ரவுன் கவுன்சில், கிராமமானால் பரிஷ் கவுன்சில். இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 10,000 சின்னச் சபைகள் இருக்கின்றன. பூங்கா, பிள்ளைகள் விளையாடும் இடம், பஸ் தரிப்புக் கூடாரம், சனசமூக மண்டபம், தோட்டத் துண்டுகள் போன்றவை இவர்களின் கையில். கவுண்டி, டிஸ்ரிக்ட் இரண்டையும் ஒன்றாக்கும் திட்டத்தை அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. எனவே உங்கள் பகுதியில் பெயர்கள் மாறக்கூடும். எது எதுவென்று தெரியாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

காசு விஷயம் ஒன்றையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோம் ஒபிஸ் ஏற்பாடு செய்து தந்த வீட்டில் நீங்கள் இருக்கும்வரை கவுன்சில் ராக்ஸ் கட்டும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. உங்கள் பெயருக்கு பில் வந்தால் கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். எங்களிடம் கொண்டு வாருங்கள்.

கூட்டத்துக்குப் போவது

பரிஷ், ரவுன் கவுன்சில் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. பிற்காலத்தில் பிரதமரான மார்கிரட் தட்சர் புதிய எம்.பி.யாக இருந்தபோது கொண்டுவந்த சட்டம் அது. அந்த அம்மாவைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், இதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பொதுமக்கள் என்றால் பிரித்தானியக் குடிமக்கள் மட்டும் என்று அதில் இல்லை. நீங்களும் பொதுமக்கள்தான். சில தனிப்பட்ட விடயங்களைப் பேசும்போது மட்டும் எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்வார்கள். அது உங்களுக்காகச் சொல்வதல்ல.

ரவுன் கவுன்சில் கூட்ட அறிவித்தல் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன்னரே ஒட்டப்பட வேண்டும். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவித்தல் பலகை ஒன்று நிற்கும், பார்த்திருப்பீர்கள். நிகழ்ச்சி நிரல் அதில் இருக்கும். ஊர்ப் பத்திரிகையிலும் கவுன்சிலின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். கூட்டம் அநேகமாகப் பின்னேரம் ஆறரை, ஏழு மணிக்கு. போய்ப் பின் வரிசையில் இருந்தால் போதும். கேட்டுக்கொண்டிருக்கப் பெயர் கொடுக்கத் தேவையில்லை. பல சபைகளில் ஆரம்பத்தில் பொதுமக்கள் பேசக் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். பேச விரும்பினால் முதல்நாளே கிளாக்கருக்கு எழுதிப் பெயரைக் கொடுக்க வேண்டி வரலாம். மொழிபெயர்ப்பாளர் இருக்கமாட்டார். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2014இலிருந்து யாரும் இந்தக் கூட்டங்களை வீடியோ எடுக்கலாம். உங்கள் முகம் இணையத்தில் போனால் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஆபத்து என்று நினைத்தால் முன்கூட்டியே கிளாக்கரிடம் சொல்லுங்கள். கமரா படாத இடத்தில் இருக்கலாமா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அகதிக் கேஸ் பற்றிய கதையை அங்கே சொல்லத் தேவையுமில்லை, சொல்லவும் வேண்டாம்.

நான் பழகிய ஒரு குடும்பத்தின் தாய், பாடசாலைக்குப் போகும் நடைபாதையில் மாரி காலத்தில் வெளிச்சம் இல்லை என்று ஒரு தாளில் ஆறு வரி எழுதிக்கொண்டு போய் வாசித்தார். குரல் எழும்பவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழும்பி "நானும் அந்த வழியால்தான் போகிறேன், இவர் சொல்வது சரி" என்றார். விளக்குப் போட எட்டு மாதம் எடுத்தது. கவுன்சில் வேலை அப்படித்தான். அந்தக் கிழவி இப்போது அவர்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிறார்.

ஹொட்டல் செய்திகள்

"கவுன்சில் எங்களை வெளியேற்றக் கோட்டுக்குப் போனதாமே?" என்று ஹொட்டல்களில் இருப்பவர்கள் கேட்கிறீர்கள். அது எசெக்ஸில் உள்ள எப்பிங் என்ற சிறு பட்டணத்தின் கதை. லண்டன் சென்ரல் லைன் ரயில் அங்கேதான் முடிகிறது. அங்கே அகதி விண்ணப்பதாரர்கள் தங்கியிருந்த பெல் ஹொட்டலில் இருந்த ஒருவர் 2025 ஜூலையில் பாலியல் குற்றச்சாட்டில் கைதானார். அதன்பின் ஹொட்டலுக்கு வெளியே ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஹொட்டலை மூடும்படி அரசைக் கேட்டுக் கவுன்சிலர்கள் தீர்மானம் போட்டார்கள். பிறகு எப்பிங் ஃபொரஸ்ட் டிஸ்ரிக்ட் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே அவர்கள் என்ன வாதிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். யாருடைய அகதிக் கேஸையும்பற்றி அல்ல. ஹொட்டலை வேறு தேவைக்குப் பாவிக்கக் கட்டட அனுமதி எடுக்கவில்லை என்பதுதான் அவர்களின் வாதம். பப்பை வீடாக்கப் போட்ட விண்ணப்பமும் அதே சட்டத்தின் கீழேதான் வருகிறது. 2025 ஓகஸ்ட் 19ஆம் திகதி தற்காலிகத் தடை கிடைத்தது. பத்து நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. நிரந்தரத் தடை கேட்ட வழக்கையும் நவம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கவுன்சிலும் ஹோம் ஒபிஸும் ஒன்றல்ல, சில வேளை எதிரெதிராகவே நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது மற்றதையும் மறைக்கக் கூடாது. 2024 ஓகஸ்டில் ரொதரம் அருகிலும் ராம்வேர்த்திலும் அகதிகள் தங்கியிருந்த ஹொட்டல்களைக் கும்பல்கள் தாக்கின. உங்கள் ஹொட்டல் பற்றிய விடயம் நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அன்று தனியாகப் போக வேண்டாம். முதலில் எங்களோடு கதையுங்கள்.

கவுன்சிலரும் எம்.பி.யும்

உங்கள் பகுதிக்குக் கவுன்சிலர்கள் இருப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு வாக்குப் போடவில்லை என்றாலும் அவர்கள் உங்களுக்கும் கவுன்சிலர்தான். அவர்கள் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு "சேர்ஜரி" என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்து ஒரு ஐயா எக்ஸ்ரே படங்களோடு போய்விட்டார். டொக்டரிடம் போவதும் சேர்ஜரி, கவுன்சிலரிடம் போவதும் சேர்ஜரி, ஆங்கிலேயரின் பாஷை அப்படி. குப்பை, பாடசாலை இடம், வீட்டு ஈரம் என்று கவுன்சில் சம்பந்தமானவற்றுக்குக் கவுன்சிலர். கேஸ் முடிவில்லாமல் இழுபட்டால் உங்கள் எம்.பி. ஹோம் ஒபிஸிடம் எழுதிக் கேட்கலாம். முடிவை மாற்ற அவராலும் முடியாது. எழுதுவிக்க முன் உங்கள் லோயரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கேஸ் வென்ற நாளிலிருந்து கவுன்சில் உங்களுக்கு இன்னும் முக்கியம். ஹோம் ஒபிஸ் வீட்டை விட்டுப் போக நாள் குறித்து வரும், அது அதிக நாளாக இருக்காது. அந்தக் கடிதம் வந்தவுடன் கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குப் போக வேண்டும். கடைசி நாள் வரை பொறுத்திருந்து வீதிக்கு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வாக்கு

எங்கட ஆக்களில் பலருக்கு இது தெரியாது. வாக்குப் போடப் பிரித்தானியப் பாஸ்போட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலங்கை பொதுநலவாய நாடு. அகதி அந்தஸ்துக் கிடைத்தாலும் நீங்கள் இலங்கைக் குடிமகன் என்பது மாறவில்லை. ஆகவே தங்கும் அனுமதி கிடைத்த உடனேயே 18 வயது நிரம்பியவர்கள் வாக்காளர் இடாப்பில் பதியலாம். கவுன்சில் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் வாக்குப் போடலாம்.

ஆனால் கேஸ் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, கையில் வேறு எந்த விசாவும் இல்லை என்றால் பதிய முடியாது. வீட்டுக்கு வரும் வாக்காளர் படிவத்தில் தெரியாமல் உங்கள் பெயரை எழுதி அனுப்பிவிடாதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். மாணவர் விசா போன்றதில் வந்து, அது முடிய முன் அகதி விண்ணப்பம் போட்டவர்களின் நிலை வேறாக இருக்கலாம், லோயரிடம் கேளுங்கள். நான் சொல்வது இங்கிலாந்து விதி. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வேறுபாடு உண்டு.

பதியும்போது "திறந்த இடாப்பு" வேண்டாம் என்று குறிக்கலாம். அது விற்பனைக்குப் போகும் பட்டியல். உயிராபத்து உள்ளவர்கள் பெயர் வெளியில் தெரியாமல் பதியவும் வழி இருக்கிறது. கவுன்சில் தேர்தல்கள் வழமையாக மே மாதம் முதல் வியாழக்கிழமை நடக்கும். அதற்குப் 12 வேலை நாட்களுக்கு முன் பதிந்திருக்க வேண்டும். 2023 மே மாதத்திலிருந்து வாக்குச்சாவடியில் படத்தோடு அடையாள அட்டை காட்ட வேண்டும். உங்கள் பாஸ்போட் ஹோம் ஒபிஸில் கிடந்தால் கவலை இல்லை, வாக்காளர் அடையாளச் சான்றிதழை இலவசமாக எடுக்கலாம். இதற்காக இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போட் புதுப்பிக்கப் போகாதீர்கள். அது உங்கள் அகதி அந்தஸ்தையே பாதிக்கும்.

காத்திருக்கும் காலத்தில்

வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களும் தொண்டு நிறுவனத்திலோ அரச அமைப்பிலோ தொண்டராக இருக்கலாம். நூலகம், உணவு வங்கி, கவுன்சில் பூங்காவில் மரம் நடுவது எல்லாம் இதில் அடங்கும். பஸ் காசும் மதியச் சாப்பாட்டுச் செலவும் தருவார்கள், சம்பளம் தரமாட்டார்கள். ஆனால் தெரிந்தவரின் கடையில் "சும்மா உதவிக்கு" நிற்பது தொண்டு அல்ல. காசு தராமல் சாப்பாடு தந்தாலும் அது வேலைதான். பிடிபட்டால் கேஸுக்குக் கூடாது.

பழைய பப்பைப்பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அப்படியான கடிதத்துக்குப் பதில் எழுத வழமையாக 21 நாள் தருவார்கள். எழுதத்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் அந்தத் தெருவில் இருக்கும் யாரும் எழுதலாம். அவர் எழுதும் பெயர் பொதுப் பார்வைக்குப் போகும் என்றும் சொன்னேன். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீடு வரட்டும் ரீச்சர், எனக்கும் பிறகு வீடு தேவைதானே" என்று சொல்லிச் சிரித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கவுன்சிலிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் உறையோடு கொண்டு வாருங்கள். உறையில் இருக்கும் திகதியும் சில வேளை தேவைப்படும்.