இசைத்தட்டில் ஏறாத கச்சேரிகள்

கடைக்கு வந்த இசைத்தட்டுகளையும் கசெற்றுகளையும் விட, கச்சேரி நடந்த இடத்திலேயே யாரோ ஒருவரால் பதிவு செய்யப்பட்டு, எந்த நிறுவனத்தாலும் வெளியிடப்படாமல், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நகலாக மட்டும் பரவும் ஒலிப்பதிவுகளை இரசிகர்கள் உயர்வாக மதிப்பது அமெரிக்க ஜாஸ் உலகிலும் தமிழரின் மேளக்கச்சேரி உலகிலும் ஒருங்கே காணப்படும் வழக்கமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே உருப்பெற்ற ஜாஸ் இசையில், தெரிந்த ஒரு மெட்டு அடித்தளமாக மட்டுமே அமைய, அதன் மீது ஒவ்வொரு கலைஞரும் முறைவைத்து அந்நேரத்துக் கற்பனையை வாசித்துச் செல்கிறார். கருநாடக இசை மரபு மனோதர்மம் என்று குறிப்பிடுவதும், முன்பே அமைக்கப்பட்ட உருப்படியைத் தாண்டி மேடையிலேயே பிறக்கும் இத்தகைய கற்பனையைத்தான். எனவே ஒரே கலைஞர் ஒரே உருப்படியை இரண்டு இரவுகளில் வாசித்தால் அவை இரண்டு படைப்புகளாகவே கொள்ளப்பட வேண்டும். பதிவாகாத இரவு மீட்க முடியாதபடி போய்விடுகிறது.

இசைத்தட்டு நிறுவனங்கள் இந்த இழப்பை ஈடுசெய்யக்கூடிய நிலையில் இருக்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியதால், நீண்ட இராக ஆலாபனையும், தாளக் கலைஞர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் அதில் சுருங்கின அல்லது முற்றாக விடுபட்டன. காந்த நாடா வந்த பின்னரே, ஏழு அங்குலச் சுருள் ஒன்றில் ஒரு மணிநேர இசையைத் தடையின்றிப் பதிவது பொதுமக்களுக்கும் இயல்வதாயிற்று.

வெளிவராத பதிவு ஒன்று இசை வரலாற்றை எவ்வளவு தூரம் திருத்தக்கூடும் என்பதற்கு ஜாஸ் உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது தெலோனியஸ் மங்க், ஜோன் கோல்ட்ரேன் ஆகியோரின் கார்னகி மண்டபக் கச்சேரியாகும். பியானோக் கலைஞரான மங்க்கும் சக்சபோன் கலைஞரான கோல்ட்ரேனும் 1957 இல் நியூயோர்க்கின் ஃபைவ் ஸ்பொட் விடுதியில் மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்தபோதிலும், அந்த நால்வர் குழு கலையகத்தில் பதிந்தவை மூன்று உருப்படிகள் மட்டுமே. ஆகவே பிற்காலத்து இரசிகர்கள் அந்த இணைப்பின் பெருமையைப் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்திருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று கார்னகி மண்டபத்தில் நடந்த நிதியுதவிக் கச்சேரியை அமெரிக்காவின் குரல் வானொலி பதிந்திருந்தது. அந்த நாடாக்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2005 இல் நூலக ஊழியர் லாரி ஏப்பல்போம் கண்ணில் பட்டு, அவ்வாண்டிலேயே புளூ நோட் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன. நாற்பத்தெட்டு ஆண்டுகள் வெறும் செவிவழிச் செய்தியாக இருந்த ஒன்று அதன் பிறகே செவிச் சான்றாக மாறியது.

நிறுவனங்கள் பதியாததைத் தனி இரசிகர் பதிந்த வரலாறும் உண்டு. ஜாஸ் சக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் வாசிப்பில் மயங்கிய டீன் பெனடெட்டி என்ற இளைஞர், 1947, 1948 ஆம் ஆண்டுகளில் பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு அவரைப் பின்தொடர்ந்து பல இரவுகளின் இசையைப் பதிந்தார். ஆனால் அவர் பெரும்பாலும் பார்க்கர் தனித்து வாசித்த பகுதிகளை மட்டும் பதிந்து, ஏனையோரின் முறை வந்ததும் கருவியை நிறுத்திவிட்டதால், 1990 இல் வெளியான அத்தொகுப்பில் பார்க்கரின் கற்பனை முழுமையாகவும் அவரைத் தாங்கிய குழுவின் பங்கு துண்டுதுண்டாகவும் கேட்கிறது. இரசிகரின் பற்று ஒரு கலையைக் காப்பாற்றும் அதே வேளையில், எதைக் காப்பாற்றுவது என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது என்பதை இப்பதிவுகள் தெளிவுபடுத்துகின்றன.

ஈழத்தில் இவ்வாறு இரசிகரின் பதிவுகளால் இசை காக்கப்பட்டவராகச் சொல்லத்தக்கவர் இணுவிலில் பிறந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) ஆவார். 1914 முதல் 1964 ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும், அதனோடு இணைந்த ரயிலும், இரு கரைகளுக்குமிடையே கலைஞர்களின் போக்குவரத்துக்கு வழி திறந்துவைத்திருந்தன. தஞ்சை மண்ணின் நாதசுர, தவில் வித்துவான்கள் யாழ்ப்பாணத் திருவிழாக்களுக்கு அழைக்கப்பட்டதும், தெட்சணாமூர்த்தி போன்ற ஈழத்துக் கலைஞர்கள் தமிழகத்தில் கொண்டாடப்பட்டதும் இக்கொடுக்கல் வாங்கலின் விளைவே. பல குழுக்கள் ஒரே இரவில் மாறிமாறி வாசித்துத் திறமை காட்டும் மேளச்சமா நடந்த கோயில் வீதிகள்தான் அவருடைய மேடை. இன்று கேட்கக் கிடைக்கும் அவரது வாசிப்பில் பெரும்பங்கு அத்தகைய இடங்களில் நேரடியாகப் பதிவாகி இரசிகர் கைகளில் பிழைத்ததேயாகும். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம், கலை, பண்பாட்டுப் பிரிவில் 2015 ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசிய விருதைப் பெற்றது.

இத்தகைய பதிவில் இரசிகர் எதைக் கேட்கிறார் என்பதும் விளக்கத்துக்கு உரியது. தவிலின் இரு முகங்களுள் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிய கையும் தொப்பியைக் குச்சி பிடித்த கையும் முழக்குகின்றன. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், ஓர் எண்ணிக்கைக்கு நான்கு சொற்கள் விழும் சதுச்ர நடையிலிருந்து கலைஞர் மூன்று விழும் திச்ரத்துக்கோ, ஐந்து விழும் கண்டத்துக்கோ, ஏழு விழும் மிச்ரத்துக்கோ திடீரெனத் திரும்பி, மும்முறை அடுக்கிய கோர்வையைத் தாளத்தின் தொடக்கமாகிய சமத்தில் பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கும்போது, கூட்டத்திலிருந்து எழும் ஆரவாரமும் நாடாவில் பதிந்துவிடுகிறது. கோயில் மணியோசையும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் கலந்திருப்பினும் இரசிகர் அப்பதிவை ஒதுக்குவதில்லை. எந்த இடத்தில் கூட்டம் தன்னை மறந்தது என்பதற்கு அந்த ஆரவாரத்தைத் தவிர வேறு சான்று இல்லை.

ஈழத்தின் மன்னாரைப் பொறுத்தவரை, பதிவின்றி இழப்பது எது என்னும் கேள்வி கூத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இரு பாணிகளில் ஆடப்படும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் மன்னார் மாவட்டத்தின் பெருஞ்சொத்து. அவற்றுள் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசர், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து அச்சேற்றியதால் பாடல் வரிகள் நிலைபெற்றன. எனினும் ஒரு விருத்தத்தை எந்த இழுப்போடு பாடுவது, தரு என்னும் கூத்துப் பாடலின் எந்த அடியில் மத்தளம் எழும்புவது, கூத்தை நெறிப்படுத்தும் அண்ணாவியாரின் குரலைப் பிற்பாட்டுக்காரர் எங்கே வாங்கிக்கொள்வது என்பன அச்சில் ஏறுவதில்லை. விடிய விடிய ஆடப்பட்ட கூத்தின் ஒலியை ஊரவர் ஒருவர் கசெற்றில் பதிந்திருந்தால், அது அச்சு நூலுக்கு உரையாசிரியர் செய்யும் பணியைச் செய்யும்.

அந்தக் கசெற்றுகளுக்குக் காலம் அதிகம் இல்லை. நாடாவின் மேற்பூச்சாகிய இரும்பு ஒக்சைட்டைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரப்பதத்தால் இளகுகிறது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் பூஞ்சணம் படர்கிறது. போர்க்கால இடப்பெயர்வுகளில் வீட்டோடு போனவை போக எஞ்சியவற்றுக்கும் பொருத்தமான கருவிகள் அரிதாகி வருகின்றன. ஒலி ஆவணக் காப்பாளர்கள் நொடிக்கு 96,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில் சுருக்கப்படாத கோப்பாக மாற்றுவதைப் பரிந்துரைக்கின்றனர். மாற்றும்போது கருவியின் வேகம் சற்றே பிசகினாலும் சுருதி மாறிவிடும் என்பதால், வேகத்தைச் சரிபார்ப்பது முதல் வேலையாக அமைய வேண்டும்.

பகிர்வதற்கும் ஒழுங்கு உண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிவான நிகழ்ச்சியின் மீது கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை வழங்குகிறது. ஆகவே கலைஞரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ ஒப்புதல் பெறாமல் பரப்புவதும், விற்பதும் முறையாகா. மன்னாரிலும் அயலூர்களிலும் திருவிழா மேளமோ கூத்தோ பதிந்த நாடா வைத்திருப்போர், அதனைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பழுதான கருவியில் ஓடவிடாமல், வாசித்தவர், பாடியவர், இடம், ஆண்டு ஆகியவற்றை நினைவிருக்கும்போதே உறையில் எழுதிவைத்து, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணிவரும் நூலக நிறுவனம் போன்ற அமைப்பொன்றை அணுக வேண்டும். பெயரும் ஆண்டும் இல்லாத பதிவைக் கேட்டு மகிழலாம். வரலாற்றுக்குச் சான்றாக அதனை வைக்க முடியாது.