ஒலி அட்டை இயக்கியை நிறுவுதல்: சிக்கல்களும் தீர்வுகளும்

ஒலி அட்டை இயக்கி என்பது கணினியின் இயக்குதளத்துக்கும் ஒலி அட்டைக்கும் இடையே நின்று செயல்படும் மென்பொருள் ஆகும். டிரைவர் என்ற பெயரிலேயே இது பரவலாக அறியப்படுகிறது. ஒரு பாடலை ஒலிக்கச் செய்யும் மென்பொருளுக்கு, கணினியில் எந்த நிறுவனத்தின் ஒலிச் சில்லு உள்ளது என்பது தெரியாது. அது ஒலித் தரவை இயக்குதளத்திடம் கொடுக்கிறது. இயக்குதளம் அதை இயக்கியிடம் ஒப்படைக்கிறது. இயக்கி அதைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிறது. இயக்கி இல்லாவிட்டாலோ, பொருந்தாத இயக்கி நிறுவப்பட்டாலோ, மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வராது.

பாட்டுக் கேட்பவருக்கு இது சிறு தொல்லை. இணையவழி வகுப்பில் இருக்கும் மாணவருக்கு அன்றைய பாடமே போய்விடும். திரைவாசிப்பு மென்பொருளின் குரலைக் கேட்டே கணினியைப் பயன்படுத்தும் பார்வையற்ற ஒருவருக்கோ, ஒலி நின்றால் கணினியே நின்றதற்குச் சமம். இத்தகைய நிலையில் கணினியை முழுவதும் அழித்து இயக்குதளத்தை மீண்டும் நிறுவுவதும் (பார்மட் செய்வதும்), புதிய அட்டை வாங்குவதும் வழக்கமாக உள்ளன. பெரும்பாலும் இவை இரண்டும் தேவைப்படுவதில்லை. எந்தச் சில்லு என்று முதலில் கண்டறிந்து, அதன்பின் இயக்கியை நிறுவினால் போதும்.

சுருக்கமான வரலாறு

1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. அக்காலத்தில் ஒலி அட்டை என்பது தாய்ப்பலகையில் தனியே செருகப்படும் ஒரு பலகை. 1997இல் இன்டெல் ஏசி 97 என்ற தரத்தையும், 2004இல் ஹை டெபினிஷன் ஆடியோ என்ற தரத்தையும் வெளியிட்டது. இவற்றால் ஒலிச் சில்லு தாய்ப்பலகையிலேயே இடம்பெறத் தொடங்கியது. இன்று வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் தனி அட்டை கிடையாது. ஆயினும் ஒலி அட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியவை

இயக்கியைத் தொடுவதற்கு முன் பின்வருவனவற்றைச் சரிபாருங்கள்.

1. ஒலிபெருக்கியை ஒரு கைபேசியில் இணைத்துப் பாருங்கள். அங்கும் ஒலி வராவிட்டால் குறை ஒலிபெருக்கியிலோ கம்பியிலோ உள்ளது.
2. மேசைக் கணினியின் பின்புறம் பச்சை நிறத் துளையில்தான் ஒலிபெருக்கியைச் செருக வேண்டும். இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கும், வெளிர்நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கும் உரியவை.
3. திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிக் குறியைச் சொடுக்கி, எந்தச் சாதனம் தேர்வாகியுள்ளது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்த திரை தேர்வாகியிருந்தால் ஒலி அந்தத் திரைக்கே போகும். அதில் ஒலிபெருக்கி இல்லையென்றால் எதுவும் கேட்காது.

சாதனப் பட்டியலில் ஒலிபெருக்கியே இல்லை என்றால்தான் இயக்கியையோ சில்லையோ சந்தேகிக்க வேண்டும்.

டிவைஸ் மேனேஜர் சொல்லும் செய்தி

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒலிச் சாதனத்தின் பெயரை இருமுறை சொடுக்குங்கள். குறை இருந்தால் ஒரு குறியெண் காட்டப்படும்.

- 28: இயக்கி நிறுவப்படவில்லை.
- 10: சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. பொருந்தாத இயக்கி இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.
- 39: இயக்கிக் கோப்பு சிதைந்துள்ளது அல்லது காணவில்லை.
- 22: சாதனம் முடக்கி வைக்கப்பட்டுள்ளது. வலச்சொடுக்கு செய்து எனேபிள் கொடுத்தாலே போதும். இயக்கியை மாற்ற வேண்டியதில்லை.

சாதனம் பட்டியலில் எங்குமே தென்படாவிட்டால், கணினியின் பயாஸ் அமைப்பில் ஒலி முடக்கப்பட்டிருக்கக்கூடும். ஆன்போர்டு ஆடியோ அல்லது எச்டி ஆடியோ என்ற வரி அங்கு எனேபிள் நிலையில் உள்ளதா என்று பாருங்கள். அங்கு முடக்கப்பட்டிருந்தால், எந்த இயக்கியை நிறுவினாலும் பயன் இராது.

சில்லின் அடையாள எண்

ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் தன் மாதிரி எண்ணையும் கணினியிடம் தெரிவிக்கும். இவை பதினாறு நிலை எண்முறையில் நான்கு இலக்கங்களாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் ப்ராப்பர்டீஸ் பகுதிக்குப் போய், டீட்டெயில்ஸ் என்ற தாளில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தால் இவற்றைக் காணலாம். வென் என்பதை அடுத்து வருவது தயாரிப்பாளர் எண். டெவ் என்பதை அடுத்து வருவது மாதிரி எண். 8086 என்றால் இன்டெல். 1102 என்றால் கிரியேட்டிவ். 10இசி என்றால் ரியல்டெக். 10இசி உடன் 0887 என்று வந்தால் அது ரியல்டெக்கின் ஏஎல்சி 887 சில்லு.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஹை டெபினிஷன் ஆடியோ முறையில் ஒலிக்குப் பொறுப்பானவை இரண்டு. ஒன்று, தாய்ப்பலகையின் முதன்மைச் சில்லுத் தொகுதியில் உள்ள கட்டுப்படுத்தி. மற்றொன்று, எண் வடிவ ஒலியை மின் அலையாக மாற்றும் கோடெக் சில்லு. கட்டுப்படுத்தி இன்டெல்லுடையதாகவும் கோடெக் ரியல்டெக்குடையதாகவும் இருக்கலாம். கட்டுப்படுத்தி இயங்காதவரை கோடெக் இயக்குதளத்தின் கண்ணில் படாது. வாசற்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையின் சாவியை வைத்துக்கொண்டு நிற்பது போன்ற நிலை இது. சரியான ரியல்டெக் இயக்கியைத் தரவிறக்கிய பின்னும் சாதனம் இல்லை என்று நிறுவல் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். எனவே சிப்செட் இயக்கியை முதலில் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகே ஒலி இயக்கியை நிறுவ வேண்டும்.

நிறுவும் முறை

1. மடிக்கணினியானால் அதன் மாதிரி எண்ணையும், மேசைக் கணினியானால் தாய்ப்பலகையின் மாதிரி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இயக்கியைப் பெறுங்கள். ஒரே சில்லை வெவ்வேறு மடிக்கணினிகளில் வெவ்வேறு விதமாக இணைத்திருப்பார்கள். அதனால் பொதுவான இயக்கியில் ஒலிபெருக்கி ஒலித்தாலும், ஒலிவாங்கியோ காதணிபேசித் துளையோ வேலை செய்யாமல் போகலாம்.
2. விண்டோஸின் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். 32 பிட் இயக்கி 64 பிட் விண்டோஸில் இயங்காது.
3. சிஸ்டம் ரீஸ்டோர் வசதியில் ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்குங்கள். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப இது உதவும்.
4. பழைய இயக்கியை நீக்குங்கள். நீக்கும்போது இயக்கிக் கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடுங்கள்.
5. கணினியை மறுதொடக்கம் செய்து, புதிய இயக்கியை நிர்வாகி உரிமையுடன் நிறுவி, மீண்டும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

விண்டோஸ் புதுப்பித்தலுக்குப் பின் ஒலி நின்றிருந்தால், புதிதாக எதையும் தேடுவதற்கு முன் ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள். முந்தைய இயக்கி திரும்ப வந்துவிடும்.

எந்த இயக்கியும் பொருந்தாவிட்டால், விண்டோஸிலேயே உள்ள ஹை டெபினிஷன் ஆடியோ டிவைஸ் என்ற பொது இயக்கியைப் பயன்படுத்தலாம். அப்டேட் டிரைவர் கட்டளையில், கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்ற வழியில் சென்றால் அது கிடைக்கும். ஒலி மெருகூட்டும் கூடுதல் வசதிகள் இராது. ஆனால் குரல் கேட்கும்.

குறை சில்லிலா, மென்பொருளிலா?

அட்டைக்குச் செலவு செய்யும் முன் ஒரு சோதனை செய்யலாம். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் இயக்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டில் நிறுவாமல், அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். பல ஒலிச் சில்லுகளுக்கான இயக்கிகள் லினக்ஸின் கருனியிலேயே உள்ளன. அங்கு ஒலி கேட்டால் சில்லு நன்றாக உள்ளது. குறை விண்டோஸ் பக்கம்தான். அங்கும் கேட்காவிட்டால் உடனே சில்லு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். சில புதிய மடிக்கணினிகளின் ஒலிச் சில்லுகளை லினக்ஸ் உடனே அடையாளம் காண்பதில்லை.

எச்சரிக்கைகள்

எல்லா இயக்கிகளையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தவிருங்கள். பொருந்தாத இயக்கிகளை நிறுவுவதோடு, வேண்டாத நிரல்களையும் இவை கொண்டுவரலாம். யாரேனும் பார்மட் செய்யச் சொன்னால், முதலில் குறியெண் என்ன என்று கேளுங்கள். 22 என்ற எண்ணுக்காகக் குடும்பப் படங்களையும் படிப்புக் குறிப்புகளையும் இழக்க வேண்டியதில்லை.

திரைவாசிப்பானை நம்பியிருப்பவர்கள் யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. விரல் அளவே உள்ள இவற்றில் பலவற்றுக்குத் தனி இயக்கி தேவையில்லை; செருகியவுடன் விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும். குரல் திரும்பிவிட்டால், பழைய சில்லின் குறையை அவரே பிறர் துணையின்றிச் சரிசெய்ய முடியும்.

கணினி நன்றாக ஓடும்போதே அதன் மாதிரி எண்ணையும் ஒலிச் சில்லின் இரு அடையாள எண்களையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். சிப்செட், ஒலி, இணைய இணைப்பு ஆகிய மூன்றின் இயக்கிகளையும் ஒரு பென்டிரைவில் சேமித்து வையுங்கள். இணைய இணைப்பின் இயக்கியும் சேர்ந்து போய்விட்டால், அந்தக் கணினியில் எதையும் தரவிறக்க முடியாது.