மெஷின் வந்தது, மாற்றம் வந்ததா?

பயிற்சிக்காகக் குருபரப்பள்ளிப் பக்கம் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம் இருந்தேன். நான் சேர்ந்த வாரம் ஒரு சி.என்.சி. லேத் வந்து இறங்கியது. மூன்று மாதம் தார்ப்பாய் போர்த்தியபடியே கிடந்தது! ஏதோ வயரிங் கோளாறு என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

பழைய லேத்தில் இருபது வருடம் நின்ற டர்னர் அண்ணனிடம் கேட்டேன். "மெஷின் மேல எனக்கென்ன தம்பி கோபம்? பீஸ் கணக்குல வர்ற இன்சென்டிவ் போச்சுன்னா யாரு குடுப்பாங்க?" என்றார். சூப்பர்வைசருக்கு வேறு கவலை. புரோகிராம் எழுதத் தெரிந்த நேற்று வந்த பையன் தன்னை மிஞ்சிவிடுவானோ என்று. மானேஜருக்கோ ஆர்டர் முடிய வேண்டும். மூவரும் பேசியது மெஷினைப் பற்றி, மனதில் இருந்தது வேறு.

நம் நாட்டு வங்கிகளின் கதையும் இதுதான். அதற்கு முன்பே, 1960களில், எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டர் வைக்க முனைந்தபோது கல்கத்தாவில் ஊழியர்கள் கடுமையாகப் போராடினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த காலம். அவர்கள் பயத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். வங்கி நிர்வாகங்களுக்கோ கிளைக் கணக்குகள் ஒத்துப்போகாத தலைவலி. 1983-ல் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தது. கிளைகளுக்கு வந்த பெட்டிக்கு என்ன பெயர் தெரியுமா? கம்ப்யூட்டர் அல்ல, 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'! லெட்ஜர் எழுதுகிற மெஷின்தானே, யார் மறுப்பார்? இரு தரப்புக்கும் கௌரவம் குறையவில்லை. இயக்கியவர்களுக்குத் தனி அலவன்சும் கிடைத்தது. ஆனால் பெட்டிகள் தனித்தனியே நின்றன. 1993-ல் இன்னொரு ஒப்பந்தம் வந்து கதவை இன்னும் கொஞ்சம் திறந்தது. கிளைகளெல்லாம் ஒன்றோடொன்று இணைய 2000-க்கு மேல் ஆயிற்று. எது வரும், எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதை இன்ஜினியர் மட்டும் முடிவு செய்யவில்லை. பேரம் பேசியவர்களும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள்.

எங்கள் ஷாப்பிலும் கடைசியில் பேரம் படிந்தது. பழைய இன்சென்டிவின் சராசரி டர்னர்களுக்கு மாதாமாதம் உண்டு என்றானது. புரோகிராம் மாற்ற சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும் என்றும் முடிவானது. மறுநாளே தார்ப்பாய் விலகியது.

பாகங்களில் பிசிர் எடுக்க இரண்டு காண்ட்ராக்ட் பையன்கள் இருந்தார்கள். முனை மழிப்பதைப் புதிய மெஷினே செய்துவிட்டதால் அடுத்த மாதம் அவர்களை நிறுத்திவிட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்த அறைக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு அந்த அறைக்கு டீ எடுத்துப் போனவன் நான்தான்.