தட்டு இருந்தது, குரல் பிழைத்தது

நிக் டிரேக் 1948இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்த பாடகர். கிட்டார் வாசித்தபடி நாட்டுப்புறப் பாணியில் மெல்லப் பாடுவார். 1969 முதல் 1972 வரை மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டார். எதுவும் சரியாக விற்கவில்லை. 1974இல், 26 வயதில் காலமானார்.

அவருடைய தயாரிப்பாளர் ஜோ பாய்ட், தம் நிறுவனத்தை ஐலண்ட் நிறுவனத்துக்கு விற்றபோது ஒரு நிபந்தனை போட்டார்: டிரேக்கின் தட்டுகளை விற்பனையிலிருந்து நீக்கக் கூடாது. 1979இல் அம்மூன்றும் ‘புரூட் ட்ரீ’ என்ற தொகுப்பாக வந்தன. சிறுகச் சிறுகப் புதிய ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

பதிவு காக்கப்பட்டதால்தான் இது நடந்தது. தோட்டத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பாட்டிமார் குரல் பதிந்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், வீசிவிடாதீர்கள். இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.