ட்ரில்லுக்குள் ஒரு சூரிய குடும்பம்

என் வாப்பா தச்சுத் தொழிலாளி. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பாட்டனாரின் உளிப்பெட்டியும் வீட்டோடு போய்விட்டது என்று சொல்வார். புத்தளத்தில் தொழில் பழகி, ஊருக்குத் திரும்பிய பின் அவர் வாங்கிய முதல் மின்கருவி ஒரு பற்றரி ட்ரில். சென்ற வருடம் அதன் பற்றரி செத்துவிட்டது. புதுப் பற்றரியின் விலையோ ஏறக்குறையப் புது ட்ரில்லின் விலை. ஆனாலும் எறிய மனமில்லாமல் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார்.

அதே நாட்களில், சுமை இழுக்கும் ரோபோப் போட்டிக்காக நாங்கள் ஐந்து மாணவிகள் ஒரு ரோபோவைச் செய்துகொண்டிருந்தோம். கடையில் வாங்கிய சிறிய மஞ்சள் மோட்டர்களைப் பூட்டினோம். மேசையில் நன்றாக ஓடியது. முற்றத்து மணலில் இறக்கியதும் நின்றுவிட்டது. வலுவான மோட்டர் வாங்கக் கையில் காசில்லை. அப்போதுதான் எனக்கு அலுமாரி நினைவுக்கு வந்தது.

கேட்டதும் வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ட்ரில்லை இறக்கித் தந்தார். “கழட்டு மகள். ஆனா எந்த ஸ்குரூ எங்க இருந்ததெண்டு எழுதி வை” என்றார்.

திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது ஒரு சிறிய சூரிய குடும்பம். நடுவில் மோட்டரோடு சேர்ந்து சுழலும் சிறு பற்சக்கரம். அதன் பெயர் சூரியச் சக்கரம். அதைச் சுற்றி மூன்று கோள் சக்கரங்கள். எல்லாவற்றையும் சூழ்ந்து, உட்புறம் பல் வெட்டிய அசையாத வளையம். சூரியன் வேகமாகச் சுழல, கோள்கள் வளையத்தில் உருண்டு மெதுவாகச் சுற்றிவருகின்றன. கோள்களைத் தாங்கும் தட்டிலிருந்து நாம் விசையைப் பெறுகிறோம்.

கணக்கு எளிது. வளையத்தின் பற்களைச் சூரியனின் பற்களால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். வளையத்தில் 48, சூரியனில் 12 என்றால் விடை 5. அதாவது மோட்டர் ஐந்து முறை சுற்றினால் தட்டு ஒருமுறை சுற்றும். இப்படி இரண்டு அடுக்கு வைத்தால் 25. ட்ரில் மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 முறை சுழலும். எங்கள் ட்ரில்லின் மெதுவான கியரில் வெளியே வருவது 400 சுற்று. வேகம் ஐம்பதில் ஒன்றாகக் குறைகிறது. உராய்வில் போவது போக, முறுக்குவிசை ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடுகிறது. சுமையை மூன்று கோள்கள் பங்கிட்டுக்கொள்வதால், உள்ளங்கையில் அடங்கும் பெட்டி இவ்வளவு வலுவைத் தாங்குகிறது. வெளிநாட்டுச் சண்டை ரோபோப் போட்டிகளிலும் சிறிய ரகப் பொறிகள் பல இந்தக் கியர்பெட்டியில்தான் ஓடுகின்றன.

இதன் பெரிய உருவம் எங்கள் தீவின் தென்கரையிலேயே நிற்கிறது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகளிலும் கோள் பற்சக்கரங்கள் உண்டு. அங்கே வேலை தலைகீழ். இறக்கைகள் மெதுவாகச் சுழன்று கோள்தட்டைத் திருப்ப, சூரியச் சக்கரம் வேகமெடுத்து மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது.

இனி, செய்ய விரும்பும் தங்கைகளுக்கு நாங்கள் பட்டுப் படித்த சில விடயங்கள்.

ட்ரில்லின் வாயை முழுதாகத் திறந்தால் அடியில் ஒரு ஸ்குரூ தெரியும். பெரும்பாலும் அது இடப்புரி. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஒரு பின்னேரத்தையே வீணாக்கினோம்.

எண்கள் உள்ள வளையம் ஒரு கிளட்ச். பாரம் கூடினால் அது வழுக்கிவிடும். ஸ்குரூ பூட்ட அது நல்லது; ரோபோவுக்கு ஆகாது. அதை வழுக்காதபடி இறுக்கிவிட வேண்டும். இறுக்கிய பின் சக்கரம் எதிலாவது சிக்கினால் மோட்டர் மிகையான மின்னை இழுத்து எரிந்துபோகும். ஆகவே பியூஸ் ஒன்று கட்டாயம்.

இரண்டு சக்கரத்துக்கு இரண்டு ட்ரில் வேண்டும். இரண்டாவதை ஒரு திருத்தகத்தின் கழிவுக் குவியலிலிருந்து வாங்கினோம். பூட்டி ஓட்டினால் ரோபோ ஒரு பக்கமாகவே இழுத்தது. எதிரெதிராகப் பூட்டியதால் ஒரு மோட்டர் பின்னோக்கிச் சுழல வேண்டியிருந்தது. பல ட்ரில் மோட்டர்கள் முன்சுழற்சிக்கென்றே அமைக்கப்பட்டவை. பின்சுழற்சியில் வேகம் குறையும். வேகமான பக்கத்தைக் கணினி நிரலில் குறைத்த பிறகுதான் அது நேராக ஓடியது.

செத்த லிதியம் பற்றரியை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “பொம்பிளப் பிள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கிறீஸ் வேலை?” என்று கேட்டார். நான் ஹெராத் நகரத்து மாணவிகளைப் பற்றிச் சொன்னேன். 2020 இல் கொவிட் பரவி, சுவாசக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த ஆப்கான் சகோதரிகளின் ரோபோக் குழு டொயோட்டா கொரொல்லா காரின் பாகங்களையும் ஹொண்டா மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் கொண்டு மலிவான சுவாசக் கருவி மாதிரி ஒன்றை உருவாக்கியது. அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் தேநீர் குடித்து முடிந்ததும் கியர்பெட்டியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

போட்டிக்கு முதல்நாள் முற்றத்தில் ஒரு மீன்பெட்டி நிறைய மணலை ரோபோவின் பின்னால் கட்டினோம். அது மெதுவாக, நிற்காமல் இழுத்துச் சென்றது. வாப்பா வேலிக்கருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போட்டியில் எங்களுக்குக் கிடைத்தது நான்காம் இடம்தான். ஆனால் அடுத்த கிழமை வாப்பாவே, தெரிந்த மேசன் ஒருவரின் பழுதான ட்ரில்லை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார்.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கமுன் உங்கள் மகளிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். கூடவே ஒரு கொப்பியும் பேனையும் கொடுங்கள்.