பழைய காரின் சத்தமும் ஒயில் அழுத்தமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்கள் இன்றும் ஓடுகின்றன. மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1970 களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதாவது, அதன் கடைசிப் பிள்ளைக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும் வரி மிக அதிகம். எனவே கிராமத்து வாடகைக்கார்ச் சாரதிக்குப் பழைய வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு.

இப்படியான வண்டியில் ஒருநாள் 'கட கட' என்று சத்தம் கேட்கிறது. ஒயில் விளக்கு மினுங்குகிறது. ஒருவர் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓடி, நோயாளியை ஏற்றிச் செல்லும்போது நடுவழியில் நின்றுபோகிறார். இன்னொருவர் "எஞ்சின் இறக்கவேண்டும்" என்ற ஒரே சொல்லைக் கேட்டு நகையை அடகு வைக்கிறார். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை. நோயை அறிந்தபின் மருந்தைத் தேடுவதே முறை.

அழுத்தம் எப்படி உண்டாகிறது?

ஒயில் பம் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பம் செய்வது ஒயிலைத் தள்ளுவது மட்டுமே. பெயாரிங்குகளின் ஒடுங்கிய இடைவெளிகளால் அந்த ஒயில் எளிதில் வெளியேற முடியாதபோதே அழுத்தம் பிறக்கிறது. இதை ஒரு வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். வரம்பு பல இடங்களில் உடைந்திருந்தால், தண்ணீர் எவ்வளவு இறைத்தாலும் கடைசி வயலுக்குப் போய்ச் சேராது. பெயாரிங் தேய்ந்தால் நடப்பதும் இதுவே.

மொறிஸ் மைனரின் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், சூடேறி ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 இறாத்தல் அழுத்தம் இருக்கும். நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது அது 15 முதல் 25 வரை இறங்குவது இயல்பு. எண்ணைப் பார்க்கும்போது எஞ்சின் சூடா, குளிரா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் ஒயில் தடிப்பாக இருப்பதால் தேய்ந்த வண்டியும் நல்ல அழுத்தம் காட்டும்.

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவோம்

முதலாவது, ஒயில் மட்டம். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்களின் பின் கோலை எடுத்துப் பார்க்கவேண்டும். மட்டம் குறைந்தால் பம் காற்றை உறிஞ்சும். அளவுக்கு மிஞ்சினாலும் ஒயில் நுரைத்துப் பழுதாகும்.

இரண்டாவது, ஒயிலின் தன்மை. விரல்களுக்கிடையே தேய்த்தும் மணந்தும் பார்க்கவேண்டும். ஊற்றாமலே மட்டம் உயர்ந்து பெற்றோல் மணம் வந்தால், சோக் அல்லது காபரேற்றர் பழுதால் எரியாத எரிபொருள் கீழே இறங்கியிருக்கலாம். பால் தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

இந்தப் பாடம் எமது மக்களுக்குப் புதியதல்ல. 1990 களில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், குடாநாட்டின் வண்டிகள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயில் நீர்த்தால் பெயாரிங் தேயும்.

மூன்றாவது, காட்டும் கருவியே சரியா என்பது. ஒயில் சுவிச்சும் பொய் சொல்லும். அதைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு கேஜைப் பூட்டி, சூடான எஞ்சினில் அளக்கவேண்டும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் எஞ்சினை இறக்க எவரும் சம்மதிக்கக்கூடாது.

நான்காவது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ். அதில் தூசு சிக்கினாலோ ஸ்பிறிங் தளர்ந்தாலோ ஒயில் திரும்பிச் சம்புக்கே ஓடிவிடும். கழுவிப் பூட்டினாலே சில வண்டிகள் சுகமாகும். ஆனால் ஸ்பிறிங்குக்கு வாஷர் வைத்து இறுக்குவது வைத்தியமல்ல. பெயாரிங் தேய்ந்த எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த வால்வ் ஏற்கெனவே மூடியே இருக்கும். மூடிய கதவை மேலும் அழுத்துவதால் பயனென்ன?

சத்தத்தைப் பிரித்தறிதல்

நீண்ட ஸ்குறூ றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதருகே வைத்தால் சத்தம் வரும் இடம் தெரியும். விசிறியிலும் பெல்ற்றிலும் உடையோ கையோ அகப்படாமல் கவனம் தேவை.

மேலே 'டிக் டிக்' என்ற மெல்லிய சத்தம் பெரும்பாலும் டப்பட். மைனரில் அதன் இடைவெளி 12 தௌ; சரிசெய்ய ஒரு மணித்தியாலம் போதும். முன்பக்கத்தில் சலசலப்பு என்றால் டைமிங் செயின். குளிரில் கேட்டு, சூடேறியதும் மறையும் தட்டல் பிஸ்ரன் தேய்வு, அவ்வளவு அவசரமில்லை. ஏற்றத்தில் மட்டும் கேட்கும் 'கிணி கிணி' ஓசைக்கு இக்னிஷன் நேரத்தைப் பார்க்கவேண்டும்.

அக்ஸிலேற்றரை விடும்போது பலமாகத் தட்டுவது பிக் என்ட். றப்பர் பிடியுள்ள குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினால், எந்தச் சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அங்கேதான் பழுது. இலத்திரனியல் இக்னிஷன் உள்ள புதிய வண்டிகளில் இதைச் செய்யக்கூடாது. பாரம் இழுக்கும்போது அடியிலிருந்து வரும் கனத்த உறுமல் மெயின் பெயாரிங்கைக் குறிக்கும்.

எப்போது நிறுத்துவது?

சத்தம் மட்டும் இருந்து அழுத்தம் நன்றாயிருந்தால் ஆராய நேரமுண்டு. அழுத்தம் மட்டும் குறைந்தால் மேற்சொன்ன ஒழுங்கில் பார்க்கலாம். விளக்கு அணையாமல் எரிந்தால் ஓடவேண்டாம். கனத்த தட்டலும் குறைந்த அழுத்தமும் ஒன்றாக வந்தால், அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து வண்டியைக் கட்டியிழுக்கவேண்டும். அன்று நிறுத்தினால் சம்பைக் கழற்றி பிக் என்ட் பெயாரிங் மாற்றுவதோடு முடியக்கூடும். இன்னும் பத்து மைல் ஓடினால் கிறாங்கைக் கடைந்து, 10 அல்லது 20 தௌ குறைந்த அளவுப் பெயாரிங் தேடி அலையவேண்டிவரும். தடித்த ஒயில் ஊற்றிச் சத்தத்தை அடக்குவது காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவது போன்றது.

சாரதிகள் ஒரு சிறு கொப்பியை வண்டியில் வைத்திருப்பது நல்லது. ஒயில் மாற்றிய நாள், ஊற்றிய அளவு, சூடான எஞ்சினின் அழுத்தம் ஆகிய மூன்றையும் மாதமொருமுறை குறித்தாற் போதும். கராஜுக்குப் போகும்போது "சத்தம் போடுது" என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எப்போது, சூட்டிலா குளிரிலா என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதை விரும்புவார். மற்றவர் உங்களை ஏமாற்றத் தயங்குவார்.